நியுவே தீவின் ஹோட்டலுக்கு நியூசிலாந்தின் உதவிப் பணம்: சரியா, தவறா?

#1 தென்திசை (ஆக்லாந்து)

போன ஆகஸ்டில் குடும்பத்தோடு தென் பசிபிக்கில் உள்ள நியுவே தீவுக்குப் போய் வந்தேன். ஆக்லாந்திலிருந்து மூன்றரை மணி நேர விமானப் பயணம். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதால் புறப்பட்ட நாளுக்கு முந்தைய நாளில் போய் இறங்குகிறோம். கடலிலிருந்து மேலெழும்பிய ஒற்றைப் பவளப்பாறைதான் நாடு. 260 சதுர கிலோமீட்டர், பதினான்கு ஊர்கள், ஏறக்குறைய 1,700 மக்கள். ஆறு கிடையாது, ஓடை கிடையாது, விரிந்த மணற்கரையும் கிடையாது. பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தபோது கூனல்முதுகுத் திமிங்கிலமும் அதன் குட்டியும் கரைக்கு மிக அருகில் மூச்சுவிட்டுப் போயின. என் மகள் அன்று இரவு முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் ஒரு நண்பர், “நீ தங்கிய தீவின் பெரிய ஹோட்டல் நம் வரிப்பணத்தில் விரிவாக்கியது தெரியுமா?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். தேடிப் படித்தேன். உண்மைதான். மத்தவாய் ரிசார்ட்டைப் புதுப்பித்துப் பெரிதாக்க நியூசிலாந்து தன் வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து பணம் கொடுத்திருக்கிறது. ஒரு கட்டத்துக்கு மட்டும் 75 லட்சம் நியூசிலாந்து டாலர். அந்தத் தீவின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாலாயிரம் டாலருக்கு மேல் வருகிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சரியான செலவு என்றே நினைக்கிறேன். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ விமானம் வரும் தீவில், வந்து இறங்குகிறவர்களுக்குப் படுக்கை இல்லை என்றால் அந்த விமானமும் நின்றுபோகும். ஆனால் நண்பரின் கோபத்துக்கு என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே தணிக்கை, கட்டுமானம், பசிபிக் நாடுகள் எல்லாவற்றிலும் அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

#2 கணக்குப்பிள்ளை

தென்திசை, உங்கள் நண்பரின் பக்கம்தான் நான்.

உதவிப் பணம் என்பதற்கு ஒரு நோக்கம் உண்டு. மருத்துவமனை, பள்ளி, குடிநீர், புயல் வந்தால் கூரை. நீச்சல் குளம் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2002-இல் நியூசிலாந்து தன் உதவித் திட்டங்களுக்கென்று ஓரளவு தன்னாட்சியுள்ள ஓர் அமைப்பை உருவாக்கியது. வறுமை ஒழிப்புதான் அதன் மையக் குறிக்கோள். 2009-இல் வெளியுறவு அமைச்சர் மர்ரி மெக்கல்லி அதை மீண்டும் அமைச்சகத்துக்குள்ளேயே கொண்டுவந்து, குறிக்கோளையும் ‘நிலைத்த பொருளாதார வளர்ச்சி’ என்று மாற்றினார். அந்தச் சொற்கள் மாறிய பிறகுதான் சுற்றுலாவும் ஹோட்டலும் உதவித் திட்டங்களாயின. கொள்கை ஆவணத்தில் ஒரு சொற்றொடர் மாறினால் கடலுக்கு அப்பால் கான்கிரீட் எழும்புகிறது. முப்பத்தோரு ஆண்டு தணிக்கை வேலையில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அடுத்தது, பணம் போன வழி. நேராக நியுவே அரசின் வரவுசெலவுக் கணக்குக்குப் போகாமல் சுற்றுலாச் சொத்துகளுக்கென்று அமைத்த ஓர் அறக்கட்டளையின் வழியாகப் போனது. நடத்தும் பொறுப்பு 2014-இல் நியூசிலாந்தின் சீனிக் ஹோட்டல் குழுமத்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டுத் தேர்தல் சமயத்தில் அந்தக் குழுமத்தின் நிறுவனர் ஆளும் தேசியக் கட்சிக்கு 1,01,000 டாலர் நன்கொடை கொடுத்திருந்தார். 2016-இல் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ லிட்டில் இதைத் தலைமைத் தணிக்கையாளர் விசாரிக்க வேண்டும் என்றார். தணிக்கையாளர் பார்த்துவிட்டு, விசாரணை தேவையில்லை என்று முடிவு செய்தார். பிறகு விவகாரம் அவதூறு வழக்காகி 2017-இல் வெலிங்டன் உயர் நீதிமன்றம் வரை போனது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: டெண்டரில் தவறு நடந்ததாக யாரும் நிறுவவில்லை. நான் அதைச் சொல்லவும் வரவில்லை. என் கவலை வேறு. உதவிப் பணத்தை வணிகத்துக்குள் விட்டால் இப்படிப்பட்ட கேள்வி எழுந்தே தீரும்; எழுந்த பிறகு அதற்குப் பதில் சொல்லும் செலவு, ஒரு சிறு நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூடம் கட்டியிருந்தால் யார் யாருக்கு நன்கொடை கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

#3 ஊர்க்குருவி

ஒரு திருத்தம். இதைத் தர்மம் போலப் பேசாதீர்கள். 1974-இல் நியுவே தன்னாட்சி பெற்றபோது நியூசிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலேயே, நியுவேக்குத் தேவையான பொருளாதார, நிர்வாக உதவியைத் தொடர்ந்து அளிப்பது நியூசிலாந்தின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. நியுவே மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். எனவே கொடுக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. எதற்குக் கொடுக்கலாம் என்பது மட்டும்தான் கேள்வி.

#4 நெய்தல்

நான் குக் தீவுகளின் முக்கியத் தீவான ரரோடொங்காவில் ஏழு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். குக் தீவுகளும் நியுவே போலவே நியூசிலாந்தோடு இணைந்த தன்னாட்சி நாடு. அங்கே நடந்ததைச் சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தீவின் தென்கரையில் வைமாங்கா என்று ஓர் இடம். பள்ளிக்கு வந்த புதிதில், தீவைச் சுற்றும் பஸ் அதைத் தாண்டியபோது, “அங்கே போர் நடந்ததா?” என்று கேட்டேன். அடுக்கடுக்காக மாடிகள், சன்னல் இல்லாத துளைகள், நடுவில் ஆள் உயரப் புல். பக்கத்தில் இருந்த அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஷெரட்டன்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குள் அந்த நாட்டின் ஒரு தலைமுறைக் கதை இருக்கிறது.

1990-இல் வேலை தொடங்கியது. ஜெஃப்ரி ஹென்றி பிரதமர். இருநூறு அறைகளோடு தீவின் மிகப் பெரிய ஹோட்டல், உலகப் பெயர் பெற்ற நிறுவனம் நடத்தும், விமானங்கள் கூடுதலாக வரும் என்றெல்லாம் சொன்னார்கள். பணம் இத்தாலியிலிருந்து. வங்கி இத்தாலிய வங்கி, ஒப்பந்ததாரரும் இத்தாலியர், கடனுக்குக் காப்பீடும் இத்தாலிய அரசின் ஏற்றுமதிக் காப்பீட்டு அமைப்பு. இதில் குக் தீவுகளின் பங்கு என்ன தெரியுமா? ஜாமீன். ஹோட்டல் கட்டி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கடனை அடைக்கிறோம் என்று ஒரு நாடு கையெழுத்துப் போட்டது. அப்போது அதன் மக்கள்தொகை இருபதாயிரத்தை எட்டவில்லை.

கட்டுமானம் ஏறக்குறைய எண்பது விழுக்காடு முடிந்தது. முதல் ஒப்பந்ததாரர் திவாலானார். வேறொருவர் வந்தார். இத்தாலியில் மாஃபியாத் தொடர்பு பற்றிய பேச்சுகள் கிளம்பின. 1993-இல் வேலை நின்றது, நின்றது நின்றதுதான். ஐந்து கோடி டாலர் அளவில் தொடங்கிய கடன், வட்டியும் சேர்ந்து பத்துக் கோடியைத் தாண்டியது. 1996-இல் நாடே திவால் நிலைக்குப் போனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அரசு தேவைக்கு மேல் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தது, சொந்த நாணயம் மதிப்பிழந்தது. ஆனால் கடன் சுமையில் பெரிய கல் அந்த ஹோட்டல்தான். அரசு ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். சம்பளம் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆக்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். வெளித்தீவுகளில் சில பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பிள்ளைகளே இல்லாமல் போனதாக மூத்த ஆசிரியைகள் சொல்வார்கள்.

அந்த நிலத்தின் மேல் ஒரு சாபம் இருப்பதாக ஊரில் பேச்சு. 1911-இல் விக்மோர் என்ற வெள்ளைக்காரர், அந்த நிலம் தன் குடும்பத்துடையது என்று உரிமை கோரிய ஒருவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவரின் மகள் இட்ட சாபம் அது என்பார்கள். நான் சாபத்தை நம்புகிறவள் அல்ல. ஆனால் மக்கள் ஏன் அதை நம்புகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். ஓர் இத்தாலிய வங்கியின் பத்திரத்தில் இருந்த ஒரு பத்தி தங்கள் வேலையைப் பறித்தது என்பதைவிட, அநியாயமாகச் செத்தவரின் மகள் சொன்ன சொல் பறித்தது என்பது மனம் ஏற்கக்கூடிய கதை.

அதனால்தான் சொல்கிறேன், நியுவே ஹோட்டலை எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. நியுவேக்கு வந்தது மானியம். ரரோடொங்காவுக்கு வந்தது கடன். நீச்சல் குளம் இரண்டிலும் ஒன்றுதான்.

#5 கணக்குப்பிள்ளை

நெய்தல் அம்மா, உங்கள் பதிவை இருமுறை படித்தேன்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என் தந்தை ஓர் உறவினரின் தங்கும் விடுதிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். விடுதி ஒரே மழைக்காலத்தில் படுத்துவிட்டது. உறவினர் ஊரைவிட்டுப் போனார். எங்கள் வீட்டு நெல் வயல் இரண்டு ஏக்கர் போனது. அப்பா அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு சொல் பேசவில்லை. ஜாமீன் போடுகிறவனுக்கு லாபத்தில் பங்கில்லை, நட்டத்தில் முழுப் பங்கு என்பதை நான் கணக்கியல் பாடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. எனவே மானியத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் குறைத்து மதிப்பிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மானியம் என்றால் சுமையே இல்லை என்று ஆகிவிடாது. இலவசமாகக் கிடைத்த யானைக்கும் தீனி போட வேண்டும். கட்டடம் கட்டக் கொடுப்பவர்கள், பத்தாண்டு கழித்துக் கூரை மாற்றக் கொடுப்பதில்லை. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். பம்பு பழுதானால் வரமாட்டார்.

#6 உப்புக்காற்று

பம்பு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கடலோர விடுதிகளில் பத்தொன்பது ஆண்டுகள் பராமரிப்புப் பொறியாளர் வேலை பார்த்தவன். நியுவே போனதில்லை. ஆனால் பவளத்தீவுகளில் இரண்டில் வேலை செய்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட இடத்தில் ஹோட்டல் ‘புதுப்பித்தல்’ என்றால் வெளியூர்க்காரர்கள் வண்ணப்பூச்சும் மெத்தையும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது உப்போடு நடக்கும் போர். குளிர்சாதனக் கருவியின் வெளிப்பகுதி நகரத்தில் பத்தாண்டு உழைத்தால், கடல் விளிம்பில் பாதிகூட உழைக்காது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, தூணை உள்ளிருந்து பிளக்கும். வெளியே முடி அளவு விரிசல் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

நியுவேயில் இதற்கு மேல் ஒரு சிரமம். அங்கே துறைமுகம் என்று ஒன்று கிடையாது. சரக்குக் கப்பல் கரைக்கு வெளியே நிற்கும். தலைநகர் அலோஃபியின் படகுத்துறைக்குத் தட்டுப்படகில் பொருள்களைக் கொண்டுவந்து கிரேனால் தூக்க வேண்டும். மீன்பிடிப் படகையே கிரேனில் கட்டித்தான் கடலில் இறக்குவார்கள். அலை பெரிதாக இருந்தால் கப்பல் காத்திருக்கும். ஒரு திருகு தவறான அளவில் வந்துவிட்டால், சரியான திருகு அடுத்த கப்பலில். நான் வேலை பார்த்த தீவு ஒன்றில் ஒரு வால்வுக்காக எட்டு அறைகளை ஏழு வாரம் பூட்டி வைத்தோம். இதையெல்லாம் கணக்கில் வைத்தால் அந்த 75 லட்சம் பெரிய தொகை அல்ல என்றே சொல்வேன்.

எனக்கு இருக்கும் உண்மையான அச்சம் தண்ணீர். பவளச் சுண்ணாம்புப் பாறை சல்லடை மாதிரி. பெய்யும் மழை நேராக உள்ளே இறங்கி, கடல்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அதே சல்லடை வழியாகக் கழிப்பறைக் கழிவும் இறங்கும். அறைகளைக் கூட்டும்போது கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் கூட்டியாக வேண்டும். ஆனால் செலவைக் குறைக்கச் சொன்னால் எப்போதும் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான், ஏனென்றால் அது விளம்பரப் படத்தில் தெரியாது. பொதுப்பணம் வருவதால் ஒரு நன்மை உண்டு: கொடுப்பவர் இதைக் கட்டாயமாக்கலாம். தனியார் முதலீட்டாளரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

#7 வெண்பவளம்

நான் பொருளியல் முதுகலை மாணவி. மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும், ஆனால் யாரும் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பயணி ஆயிரம் டாலர் செலவு செய்தால் நியுவேயில் எவ்வளவு தங்குகிறது?

விமானக் கட்டணம் விமான நிறுவனத்துக்கு. மேலாண்மைக் கட்டணம் வெளிநாட்டுக் குழுமத்துக்கு. இறைச்சி, பால், வெண்ணெய், பியர் எல்லாம் ஆக்லாந்திலிருந்து. தீவில் விளைவது சேப்பங்கிழங்கு, தேங்காய், மீன், தென்னை நண்டு. மீதி ஊழியர் சம்பளம். அதிலும் தீவில் வேலைக்கு ஆள் போதாமல் வெளியிலிருந்து வரவழைக்கிறார்கள் என்றால், உதவிப் பணம் ஒரு பெரிய வட்டம் அடித்து, கொடுத்த நாட்டுக்கே திரும்பிப் போகிறது என்றுதானே பொருள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. 1966-இல் நியுவேயில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். விமான நிலையம் 1970-ஐ ஒட்டி வந்தது. வளர்ச்சிக்கென்று போட்ட ஓடுபாதையில் மக்கள்தான் ஏறிப் போனார்கள். இன்று தீவில் இருப்பவர்களைப் போலப் பல மடங்கு நியுவே வம்சாவளியினர் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். ஹோட்டல் அந்த ஓட்டத்தை நிறுத்துமா?

#8 தென்திசை (ஆக்லாந்து)

வெண்பவளம், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. என்னிடம் விகிதக் கணக்கு இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஒரு வாரம் இருந்தோம். வாடகைக் கார் ஒரு நியுவே குடும்பத்துடையது. திமிங்கிலம் பார்க்கப் படகு ஓட்டியவர் உள்ளூர்க்காரர். வாரச் சந்தையில் விடியற்காலையிலேயே ஒரு பாட்டி தேங்காய்ப்பால் சேர்த்த பப்பாளிக் கஞ்சி விற்றார். ஆறரை மணிக்குள் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரும் தேவாலயத்தில். அன்று மீன்பிடிப் படகு இறங்காது. எங்களையும் பாட்டுக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். இவை எதுவும் ஹோட்டல் கணக்கில் வராது. ஆனால் ஹோட்டல் இல்லாவிட்டால் விமானத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் இவையும் இல்லை. அந்த விமானத்தில்தான் தீவின் நோயாளியும் ஆக்லாந்து மருத்துவமனைக்குப் போகிறார், பாட்டி வீட்டுக்கு விடுமுறைக்குப் பேரனும் வருகிறான். பயணிகள் நிரப்பும் இருக்கைகள்தான் அந்த நோயாளியின் இருக்கையைத் தாங்குகின்றன. கணக்குப்பிள்ளை ஐயா கேட்ட “மருத்துவமனையா, நீச்சல் குளமா” என்ற கேள்விக்கு என் பதில் இது.

ஏன் தனியார் கட்டவில்லை என்று என் நண்பரும் கேட்டார். அதற்கும் பதில் அங்கேயே கிடைத்தது. நியுவேயில் நிலம் குடும்பக் குழுக்களுக்கு உரியது. விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். அடமானம் வைக்க முடியாத நிலத்தை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? நிலம் அந்நியர் கைக்குப் போகாமல் காக்கும் வேலிதான் முதலீட்டையும் வெளியே நிறுத்துகிறது. அந்த வேலியை உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படியானால் யாராவது ஒரு பொது அமைப்புத்தான் கட்ட வேண்டும்.

புயலையும் மறக்க வேண்டாம். 2004 ஜனவரியில் ஹேட்டா புயலின் அலைகள் அந்த உயரமான பாறை விளிம்பையே தாண்டி வந்து மருத்துவமனையை அழித்தன. அலோஃபியில் இருந்த நியுவே ஹோட்டலும் போனது. அதன் பிறகு ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் வந்த தீவுக்கு, பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் பத்தாயிரத்தை ஒட்டிப் பயணிகள் வந்தார்கள்.

பெருந்தொற்று வந்தபோது 2020 மார்ச்சில் எல்லையை மூடியவர்கள், 2022 ஜூனில்தான் முழுமையாகத் திறந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சுற்றுலா இல்லை. நெய்தல் அம்மா சொன்ன மாதிரி அது கடனில் எழுந்த ஹோட்டலாக இருந்திருந்தால், ஒவ்வொரு மாதமும் தவணை வந்து கதவைத் தட்டியிருக்கும். 1,700 பேர் எதை விற்று அடைத்திருப்பார்கள்?

#9 வெண்பவளம்

நோயாளியின் இருக்கை பற்றி நான் யோசிக்கவே இல்லை. நன்றி. ஆனால் மக்கள் வெளியேறுவது பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. பத்தாயிரம் பயணிகள் வந்த ஆண்டுகளிலும் மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடவில்லை. ஹோட்டல் மேசை துடைக்கிற வேலைக்காக ஆக்லாந்திலிருந்து யாரும் திரும்பி வரமாட்டார்கள். அங்கே மேலாளராகவோ தலைமைச் சமையற்காரராகவோ நியுவேக்காரர் ஒருவர் ஆக முடியும் என்றால் ஒருவேளை வரலாம். உதவிப் பணத்தில் பயிற்சிக்கென்று ஒரு பங்கு ஒதுக்கினார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

#10 கணக்குப்பிள்ளை

தென்திசை, பாதி வழி வந்துவிட்டேன். மீதிப் பாதிக்கு வரமாட்டேன்.

விமானத்துக்கும் நோயாளிக்கும் உள்ள தொடர்பு நியாயமானது. அப்படியானால் அந்த ஹோட்டல் படகுத்துறை மாதிரி ஒரு பொதுச் சொத்து. பொதுச் சொத்தின் கணக்கும் பொதுவில் இருக்க வேண்டும். வணிக ரகசியம் என்ற திரை அங்கே கூடாது. நடத்துகிறவருக்கு எவ்வளவு கட்டணம், அது வருமானத்தின் மேல் கணக்கிடுகிறார்களா, லாபத்தின் மேலா? வருமானத்தின் மேல் என்றால் ஹோட்டல் நட்டத்தில் ஓடினாலும் நடத்துகிறவருக்குப் பணம் வரும், நட்டம் தீவுக்கு. இது மேலாண்மை ஒப்பந்தங்களில் உலகெங்கும் உள்ள வழக்கம்தான், யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் உதவிப் பணம் கொடுக்கிறவர் இந்த ஒரு பத்தியில் பேரம் பேசவில்லை என்றால், கட்டடத்துக்குக் கொடுத்ததெல்லாம் பாதி வீண்.

தேய்மானத்துக்கு ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் எடுத்து வைக்கிறார்களா? உப்புக்காற்று சொன்ன கம்பியும் வால்வும் அதிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத இடத்தில், பத்தாண்டுக்கு ஒருமுறை ‘புதுப்பித்தல்’ என்ற பெயரில் மீண்டும் கையேந்த வேண்டியிருக்கும்.

#11 நெய்தல்

ஐயா, உங்கள் தந்தையைப் பற்றி எழுதியது இன்னும் மனத்தில் இருக்கிறது. ரரோடொங்காவில் அப்பாவைப் போலவே அதைப் பற்றிப் பேசாத பலரைப் பார்த்தேன். வேலை போனவர்கள். ஒருவர் எங்கள் பள்ளிக் காவலர். முன்பு பொதுப்பணித் துறையில் இருந்தவர். அந்தக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே பஸ்ஸில் வருவார்.

#12 தென்திசை (ஆக்லாந்து)

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வரும் சனிக்கிழமை மக்களைச் சந்திக்கிறார்கள். போகலாம் என்றிருக்கிறேன். மேலாண்மைக் கட்டணம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது, தேய்மான நிதி இருக்கிறதா, நியுவே இளைஞர்களுக்குப் பயிற்சி உண்டா என்று மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். நண்பரும் உடன் வருகிறார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

#13 உப்புக்காற்று

கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். கிணறுகளின் தண்ணீரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள் என்பதையும்.